ஊஃத்சேஅரெ: பாட்டில் அவள் படுத்திருக்கவே இல்லையே

நாழிகை

வணக்கம். ஒரு வாரமாக மனதை அரிக்கும் சந்தேகம் ஒன்று. பழைய மொழிகள் படித்தவர்கள் இங்கே இருப்பதால் இழை தொடங்குகிறேன்.

"ஊஃத்சேஅரெ" என்ற பழைய ஆங்கிலச் சொல் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். "விடியலுக்கு முன்பே விழிப்பு வந்து, படுக்கையில் கிடந்தபடி கவலைப்படுவது" என்று பொருள் எழுதி, கூடவே ஓர் இருட்டு ஜன்னல் படம். என் தங்கை அதை அனுப்பி, "அண்ணா, இது நம்ம அம்மாவுக்குன்னே செஞ்ச வார்த்தை" என்று எழுதியிருந்தாள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் ஒன்று உறுத்தியது. நாலு மணிக்கு விழிப்பு வந்தால் அம்மா படுத்திருக்க மாட்டார். எழுந்துபோய் வாசல்படியில் உட்கார்ந்துவிடுவார்.

பழைய ஆங்கிலத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் எழுத்து அத்தனையிலும் அந்தச் சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. 53 வரிப் பாட்டு ஒன்றின் ஏழாம் வரி. ஏட்டில் அதற்குத் தலைப்பு கிடையாது; பின்னால் வந்த அறிஞர்கள் வைத்த பெயர் "மனைவியின் புலம்பல்". அந்தப் பாட்டை அகராதியோடு வரி வரியாகப் படித்தேன். "படுக்கையில் கிடந்தபடி" என்பது அதில் எங்குமே இல்லை. நான் எதையாவது தவறவிட்டேனா?

மோர்மிளகாய்

முதலில் சொல்லைப் பிரித்துச் சொல்லுங்கள் ஐயா. எனக்கு எழுத்துக்கூட்டவே வரவில்லை. இணையத்தில் ஒருவர் "ஊட் கீ ஆரா" என்கிறார். நீங்கள் வேறு மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

நாழிகை

இரண்டு சொற்கள் சேர்ந்தது. "ஊஃத்" என்றால் இரவின் கடைசிப் பகுதி, வெளிச்சம் வருவதற்கு முன்னால் உள்ள நேரம். "சேஅரு" என்றால் கவலை, துயரம். முதல் பாதியில் வரும் ஒலி தொண்டையின் பின்பக்கத்திலிருந்து உரசி வருவது. நம் ஆய்தத்தை "எஃகு" என்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள், ஏறக்குறைய வந்துவிடும். இரண்டாம் பாதியில் வருவது "பச்சை"யில் உள்ள ச. அந்தக் காலத்தில் இ, எ போன்ற முன்னுயிர்களுக்கு முன்னால் இந்த எழுத்து பெரும்பாலும் ககரமாக ஒலிக்காமல் சகரமாகவே ஒலித்தது. இதற்குச் சாட்சி இன்றைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. கவலைக்கும் அக்கறைக்கும் "கேர்" என்கிறார்களே, அது ககரத்தோடு நின்ற வடிவம். ஒன்றைச் செய்யத் தயங்குகிற, எச்சரிக்கையான ஆளை "சேரி" என்கிறார்கள் (நம் ஊர்ச் சேரி அல்ல, தலையில் பச்சைச் சகரம்). அது "சேஅரிக்" என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது. அன்றைக்கு அதற்குத் துயருற்ற என்று பொருள். இரண்டும் ஒரே குடும்பம்.

இன்னொன்று. சுற்றுக்கு வந்திருக்கும் வடிவம் வேற்றுமை உருபு ஏறியது. அகராதியில் தலைச்சொல் "ஊஃத்சேஅரு". பாட்டில் "எனக்கு இது இருந்தது" என்பதை "நான் இதைக் கொண்டிருந்தேன்" என்ற அமைப்பில் சொல்லியிருப்பதால் அது "ஊஃத்சேஅரெ" ஆகியிருக்கிறது. யாரோ தமிழ் படிக்க வந்து, "கவலையை" என்பதுதான் சொல் என்று நினைத்துப் பரப்பினால் எப்படி இருக்கும், அப்படி.

கல்வெட்டுக்காரன்

நல்ல இழை. வரிகளைப் போடுங்கள் தோழர். வரி இல்லாமல் பேசினால் எல்லாம் காற்றோடு போய்விடும்.

நாழிகை

என்னால் ஆன மொழிபெயர்ப்பு. முதலில் ஆறு முதல் எட்டு வரையான வரிகள்:

முதலில் என் தலைவன் தன் மக்களை விட்டு
அலைகள் புரளும் கடல்மேல் போனான்.
எனக்கு ஊஃத்சேஅரெ இருந்தது,
எந்த நிலத்தில் இருக்கிறானோ என் தலைவன் என்று.

அதற்குப் பிறகு அவள் ஆதரவற்றவளாக அவனைத் தேடிப் புறப்படுகிறாள். அவனுடைய உறவினர்கள் இருவரையும் பிரிக்க இரகசியமாகத் திட்டம் போடுகிறார்கள். கடைசியில் அவள் ஒரு காட்டுத் தோப்பில், ஓக் மரத்தடியில், மண்ணுக்குள் இருக்கும் ஒரு குகையில் வாழும்படி ஆகிறது. முப்பத்துமூன்றாம் வரியிலிருந்து பாருங்கள்:

அன்பானவர்கள் உலகில் உயிரோடு இருக்கிறார்கள்,
தங்கள் படுக்கையில் கிடக்கிறார்கள்;
நானோ ஊஃத் வேளையில் தனியாக நடக்கிறேன்
ஓக் மரத்தடியில், இந்த மண்குகைகளைச் சுற்றி.
நீண்ட கோடைப் பகல் முழுதும் அங்கேதான் இருக்க வேண்டும்,
அங்கேதான் என் அலைச்சலை எல்லாம் அழ முடியும்.

படுக்கையில் கிடப்பவர்கள் மற்றவர்கள். துணையோடு இருப்பவர்கள். இவள் எழுந்து நடந்துகொண்டிருக்கிறாள். பாட்டின் வலி முழுக்க அந்த எதிர்நிலையில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அவளையும் படுக்கையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

கல்வெட்டுக்காரன்

இங்கே நான் மறுக்கிறேன். ஏழாம் வரி நடக்கும் இடம் வேறு, முப்பத்தைந்தாம் வரி நடக்கும் இடம் வேறு. கணவன் கப்பலேறியபோது அவள் வீட்டில்தான் இருக்கிறாள். தோப்புக்குப் போவதெல்லாம் பிறகு. தோப்பில் நடந்தாள் என்பதை வைத்து வீட்டிலும் நடந்தாள் என்று சொல்ல முடியாது. முதல் இடத்தில் அவள் கட்டிலில் புரண்டிருக்கவும் இடம் உண்டு.

ஒரே ஒருமுறை வரும் சொல்லுக்குப் பொருள் சொல்வது எப்போதுமே கொஞ்சம் ஊகம்தான். கல்வெட்டில் ஒருமுறை மட்டும் வரும் வரிப்பெயரை வைத்துக்கொண்டு நாங்கள் படும் பாடு எனக்குத் தெரியும்.

நாழிகை

நியாயம். ஏழாம் வரியில் அவள் நடந்தாள் என்று நானும் சொல்லக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே படுக்கையும் இல்லை, நடையும் இல்லை. நேரமும் கவலையும் மட்டும்தான். ஆனால் இதே ஏட்டுச்சுவடியில் இன்னொரு பாட்டு இருக்கிறது, "அலைந்து திரிபவன்" என்று அழைக்கப்படுவது. அதன் எட்டாம், ஒன்பதாம் வரிகள்: "ஒவ்வொரு ஊஃத் வேளையிலும் தனியாக என் சேஅரெயைச் சொல்லிப் புலம்ப வேண்டியிருந்தது." ஊஃத்தும் சேஅரெயும் அருகருகே, இன்னும் ஒட்டாமல். அவன் தலைவனை இழந்து, உறைபனிக் கடலில் துடுப்புப் போட்டுக்கொண்டு திரிபவன். அவனுக்கும் படுக்கை இல்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது "தனியாக" என்ற சொல். அதாவது, அந்த நேரத்துக் கவலைக்குக் கூட நிற்பது தனிமை.

வாய்க்கால்கரை

நான் யாழ்ப்பாணத்தாள். நெதர்லாந்தில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். உங்கள் ஊஃத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டுப் போனேன், ஏனென்றால் அதை நான் நாள்தோறும் சொல்லுகிறேன்! டச்சு மொழியில் காலைக்கு "ஓஹ்தென்ட்" என்பார்கள். இன்று காலை என்பதற்கு "வன்-ஓஹ்தென்ட்". காலை நெரிசலுக்கு "ஓஹ்தென்ட்ஸ்பிட்ஸ்". அந்த "ஹ்" தொண்டையை உரசி வருவது, நீங்கள் சொன்ன ஆய்தம்தான். என்னோடு வேலை செய்யும் ஸ்வீடன்காரியிடம் கேட்டேன். அவர்களிடம் "ஒட்டா" என்று இருக்கிறதாம். நத்தார் (கிறிஸ்துமஸ்) தினத்தன்று விடிய முன்னம் தேவாலயத்துக்குப் போவதை "யூல்-ஒட்டா" என்கிறார்கள்.

ஆங்கிலத்தில் செத்துப்போன சொல் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். இங்கே அது ரயில் நேரம் சொல்லிக்கொண்டு திரிகிறது.

நாழிகை

அக்கா, அருமை. ஆங்கிலத்திலும் அது உடனே சாகவில்லை. 14ஆம் நூற்றாண்டுக் கவிதைகளில் "உஃதென்" என்று தலைகாட்டுகிறது. அப்புறம்தான் காணாமல் போனது.

நீங்கள் சொன்னதும் இன்னும் பழைய ஒன்று நினைவுக்கு வருகிறது. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற பிஷப் பைபிளைக் கோதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் பெயர்த்தார். அதில் இதன் உறவுச் சொல் "ஊஃத்வோ". மாற்கு 1:35இல் வருகிறது. இருட்டோடு எழுந்து, புறப்பட்டு, ஆளில்லாத இடத்துக்குப் போய் இயேசு ஜெபித்த இடம் அது. அங்கேயும் ஊஃத் வேளையில் ஒருவர் எழுந்து தனியே நடந்து போகிறார்.

மோர்மிளகாய்

மயிர்க்கூச்செறிகிறது. அந்த ஏட்டுச்சுவடி இப்போது எங்கே இருக்கிறது?

நாழிகை

இங்கிலாந்தின் தென்மேற்கில் எக்ஸெட்டர் பேராலயத்தில். 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்டது. 1072இல் இறந்த லியோஃப்ரிக் என்ற பிஷப் அந்த ஆலயத்துக்குக் கொடுத்த பொருட்களின் பட்டியலில், "பலவற்றைப் பற்றிப் பாட்டாகச் செய்த பெரிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று" என்று குறித்திருக்கிறது. இதுதான் அது என்று கொள்கிறார்கள்.

பட்ட பாடும் கொஞ்சம் இல்லை. முதல் ஏட்டில் கத்தியால் கீறிய தடங்கள், ஏதோ பாத்திரம் வைத்த வட்டக் கறை. கடைசிப் பதினான்கு ஏடுகளைத் தீ தின்று ஓட்டை போட்டிருக்கிறது. நம் பாட்டு இருப்பது 115ஆம் ஏட்டில். தீக்காயம் தொடங்குவது 117இல். இரண்டு ஏடு தள்ளி எழுதியிருந்தால் இன்றைக்கு இந்தச் சொல்லின் இடத்தில் ஓட்டை இருந்திருக்கலாம். இதை நினைத்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

யாப்பரசி

யாரும் இன்னும் யாப்பைத் தொடவில்லை என்பதால் வருகிறேன். பழைய ஆங்கிலப் பாட்டில் எதுகை கிடையாது. மோனைதான் வரியைக் கட்டுகிறது. ஒவ்வொரு வரியும் இரண்டு பாதி. முதல் பாதியில் அழுத்தம் விழும் சொல்லின் முதலொலி, இரண்டாம் பாதியில் அழுத்தம் விழும் முதல் சொல்லோடு ஒத்துவர வேண்டும். உயிரெழுத்து என்றால் எந்த உயிரும் எந்த உயிரோடும் மோனை ஆகும். நம் இலக்கணம் போல அகரத்துக்கு இன்னின்ன எழுத்துதான் இனம் என்ற கட்டு இல்லை.

ஏழாம் வரியில் முதல் பாதியில் அழுத்தம் பெறுவது "அலைகளின்" என்ற சொல். அது உயிரில் தொடங்குகிறது. எனவே இரண்டாம் பாதிக்கு உயிரில் தொடங்கும் சொல் ஒன்று வேண்டும். ஊஃத்சேஅரெ அந்த இடத்தில் கச்சிதமாக வந்து உட்காருகிறது. அதே பாட்டில் வேறு இரண்டு சேஅரெ உண்டு: "மோத்சேஅரெ", மனக்கவலை, "ப்ரெயோஸ்த்சேஅரெ", நெஞ்சுக்கவலை. பின்னது கடலோடியைப் பற்றிய வேறொரு பாட்டிலும் இருக்கிறது. ஆக, சேஅரு என்பதற்கு முன்னால் வேண்டிய சொல்லைக் கோத்துக்கொள்வது அந்தப் புலவர்களுக்குக் கைவந்த பழக்கம். ஊஃத்சேஅரெ தெருவில் மக்கள் பேசிய சொல்லாக இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. மோனைக்காக அந்த வரியிலேயே பிறந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

கல்வெட்டுக்காரன்

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அப்படியானால் "பழைய ஆங்கிலேயர்கள் இந்த உணர்வுக்கென்றே ஒரு சொல் வைத்திருந்தார்கள்" என்று பரப்புவது சரியில்லை. ஒரு புலவர் ஒரு வரியில் செய்தது. ஒரு சமுதாயமே வைத்திருந்தது அல்ல.

யாப்பரசி

அதனால் அதன் மதிப்புக் குறையாது என்பேன். மனம், நெஞ்சு என்று கவலை இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருமுறை மட்டும் இடத்தை விட்டுவிட்டு நேரத்தைச் சொல்கிறார். மோனை வாய்ப்புத்தான் கொடுத்தது. தேர்ந்தெடுத்தது அவர். உயிரில் தொடங்கும் சொல் எத்தனையோ இருக்க, ஊஃத்தை எடுத்தாரே.

திண்ணைப்பேச்சு

குறுந்தொகை ஆறாம் பாட்டை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். "நனந்தலை உலகமும் துஞ்சும், ஓர்யான் மன்ற துஞ்சாதேனே." இது அதுதானே?

நாழிகை

உறங்கும் உலகம், உறங்காத ஒருத்தி. அந்த எதிர்நிலை அப்படியே பொருந்துகிறது, உண்மை. ஆனால் அங்கே பொழுது யாமம். நள்ளிரவு. அவள் இன்னும் தூங்கவே போகவில்லை. ஊஃத் என்பது இரவின் மறுமுனை. அந்த நேரம் நம் மரபில் வைகறை. தொல்காப்பியம் அதை மருதத்துக்குக் கொடுத்துவிட்டது, ஊடலுக்கு. இரண்டையும் ஒன்று என்று ஒட்டினால் இரண்டு பாட்டுக்கும் நியாயம் செய்ததாகாது.

பனிமூட்டம்

ஊஃத் வேளைக்கு வேறு முகமும் உண்டு, அதையும் பேசலாம். பேயோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் கிரெண்டல் என்ற அரக்கன் மண்டபத்தில் புகுந்து ஆட்களைக் கொன்ற செய்தி ஊருக்குத் தெரியவருவது ஊஃத் வேளையில்தான். பின்னால் வரும் பறவைநாகத்துக்கு "ஊஃத்ஃப்லோகா" என்று ஒரு பெயர், ஊஃத் வேளையில் பறப்பது. இன்னொரு பெயர் "ஊஃத்ஷேஅதா", ஊஃத் வேளையில் கேடு செய்வது. ஆக, அது நடுக்கம் தரும் நேரம்.

அதே நேரத்தில் மடங்களில் துறவிகள் எழுந்து பாடும் வழிபாட்டுக்கு "ஊஃத்சங்" என்று பெயர், ஊஃத் வேளைப் பாட்டு. நாகம் பறப்பதும் துறவி பாடுவதும் ஒரே நேரம். கவலையும் அங்கேதான் வந்து சேர்கிறது.

இரவுப்பணி

நான் செவிலி. பதினொரு வருடம் இரவுப் பணி பார்த்திருக்கிறேன். பழைய ஆங்கிலம் ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த நேரம் எனக்குத் தெரியும்.

இரவின் இரண்டாம் பாதியில் தூக்கம் லேசாகிவிடும். ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் முதல் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. பிறகு வருவது கனவுத் தூக்கமும் மேலோட்டமான தூக்கமும். விடியலை ஒட்டிக் கார்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பும் ஏறத் தொடங்கும். அதனால் மூன்றரை, நாலு மணிக்குச் சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்வார்கள். வார்டில் முதல் மணி அடிப்பது பெரும்பாலும் அப்போதுதான். போய்ப் பார்த்தால் வலிக்கு மருந்து கேட்க மாட்டார்கள். "என் மகன் கீழ இருக்கானா, வீட்டுக்குப் போயிட்டானா?" "வெளியில யாரு படுத்திருக்கா?" "அவர் சாப்பிட்டாரான்னு கேட்டுச் சொல்லும்மா."

படங்களில் போடுவது போல எதைப் பற்றி என்று தெரியாமல் மொத்தமாக வரும் கவலை இல்லை அது. ஓர் ஆளைப் பற்றியது. அந்த ஆள் இப்போது எங்கே என்பதைப் பற்றியது. நாழிகை ஐயா போட்ட வரியைப் படித்ததும் அதனால்தான் எழுதத் தோன்றியது. உங்கள் பாட்டிலும் அவள் கேட்பது "எங்கே" என்றுதானே?

நாழிகை

சகோதரி, ஒரு வாரம் இந்த வரிகளோடு இருந்தும் எனக்கு இது படவில்லை. ஆமாம். ஊஃத்சேஅரெ என்ற சொல்லை அடுத்து வரும் சொல்லே "ஹ்வேர்", எங்கே. அந்த வரி இல்லாமல் சொல் முடிவதே இல்லை. வலைத்தளப் பொருளில் படுக்கையைச் சேர்த்தார்கள் என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரியது, "எங்கே"யை வெட்டியெடுத்தது.

மோர்மிளகாய்

ஒரு சின்னச் சந்தேகம். சொல்பவர் பெண் என்று எப்படித் தெரியும்? "நான்" என்றுதானே பேசுகிறார்?

யாப்பரசி

நல்ல கேள்வி. தமிழில் "நான் வருந்தி வந்தேன்" என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாது. பழைய ஆங்கிலத்தில் பெயரடைக்கும் பால் உருபு உண்டு. முதல் இரண்டு வரிகளில் "துயருற்ற என்னை", "என்னுடைய சொந்த" என்ற சொற்களில் பெண்பால் உருபு தெளிவாக இருக்கிறது. 1842இல் முதன்முதலாக முழு ஏட்டையும் அச்சிட்ட பெஞ்சமின் தோர்ப், இதை நாடு கடந்தவனின் முறையீடு என்ற பொருளில் தலைப்பிட்டார். பின்னாலும் சிலர் அந்த உருபுகளைத் திருத்தி ஆணாக்கப் பார்த்தார்கள். மண்குகை என்பது கல்லறை, பேசுவது இறந்துபோனவள் என்று வாதிட்டவர்களும் உண்டு. எனக்கு ஏட்டில் இருப்பதே போதும்.

வாய்க்கால்கரை

தமிழில் என்ன சொல்லலாம் என்று யாருமே கேட்கவில்லையே? "வைகறைக் கவலை" என்றால் பாடப்புத்தகத் தலைப்பு மாதிரி இருக்கிறது. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு "விடியப்புறம்" என்று சொல்லுவோம். அம்மம்மா விடியப்புறம் எழும்பிக் கிணற்றடிக்குப் போவா. வெளிச்சம் வந்திருக்காது, ஆனால் இரவு என்றும் சொல்ல ஏலாது.

திண்ணைப்பேச்சு

எங்கள் பக்கம் "கருக்கல்" என்பார்கள். ஆனால் அது சாயங்காலக் கருக்கலுக்கும் வரும். விடியப்புறம் நன்றாக இருக்கிறது.

கல்வெட்டுக்காரன்

எனக்கும் சரி. ஒரே ஒரு நிபந்தனை: தனிச்சொல்லாகச் சுற்றுக்கு விட வேண்டாம். வரியோடு போடுங்கள்.

இரவுப்பணி

நாழிகை ஐயா, அம்மாவிடம் கேட்டீர்களா? வாசலில் உட்கார்ந்து என்ன நினைப்பார் என்று?

நாழிகை

நேற்று விடிவதற்கு முன் நானும் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்டேன். என் தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். நடுக்கடலுக்குப் போய்விட்டால் பல நாள் போன் வராது. அம்மா தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டே, "இந்நேரம் எந்தக் கடல்ல இருக்கானோ" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் பால்காரர் வந்தார், எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த இரண்டு வரியை மாற்றி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

அலைகள் புரளும் கடல்மேல் போனான். விடியப்புறம் எனக்குக் கவலை,
எந்த நிலத்தில் இருக்கிறானோ என்று.

யாப்பரசி

"அலைகள்", "எனக்கு", "எந்த". உயிரும் உயிருமாக மோனை தானாக வந்திருக்கிறது. கை வைக்காதீர்கள்.